ஒரு சாண் வயர்

"மக்கா, உனக்க அண்ணன் அயினி மரத்த வெட்டுதான்! ஆளும் மெஷினுமா வந்து நிக்கான்!"

போனில் பக்கத்து வீட்டுத் ததேயுஸ். அவ்வளவுதான், ஜெரிஷுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

அந்த அயினி நிற்பது திற்பரப்பில், அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில். மரம் யாருக்கு என்ற சண்டையில் அண்ணன் ஷிஜினும் ஜெரிஷும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. வைராக்கியத்தை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். ம்ஹூம். மனைவி பிரீனாவுக்குப் போட்டான். டீச்சர் அல்லவா, வகுப்பு நேரத்தில் போனை அணைத்து வைத்திருந்தாள்.

"நான் இல்லாத நேரம் பாத்து வெட்டுதான் பாத்தியா! இன்னைக்கு அவனா நானான்னு பாத்திருதேன்!"

காரின் டிக்கியைத் திறந்தான். ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் வெட்டுகத்தி உள்ளே கிடந்தது. எடுத்து, காரைச் சுற்றி வந்து, முன் சீட்டில் வைத்தான்.

கார் கிளம்பினால்தானே! அது புதுக்கடை ஊரில் மரியஜானின் ஒர்க்‌ஷாப்பில் நாலு ஸ்டாண்டின் மேல் தூக்கி நிற்கிறது. பழைய புகைக்குழாயைக் கழற்றிவிட்டுப் புது ஹெட்டர் குழாய் மாட்டக் காலையிலேயே கொண்டுவந்து விட்டிருந்தான். வண்டி வரும் சத்தத்தில் ஊரே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஓர் ஆசை.

"அண்ணே, வண்டிய இறக்கும்! இப்பமே போணும்!"

மரியஜான் காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஹெட்டர் பூட்டியாச்சு மக்கா. ஆக்சிஜன் சென்சார்தான் பாக்கி. புதுக் குழாயில அத மாட்டுத ஓட்டை கொஞ்சம் கீழ இருக்கு. வயரு ஒரு சாண் எட்டல. நீட்டணும்."

"சென்சாரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஓட்டையில ஒரு போல்ட்ட திருகிட்டு விடும்!"

"எலே, புகைய மோந்து பாத்து அது சொன்னாத்தான் வண்டி அளவா பெட்ரோல் எடுக்கும். இல்லேன்னா குலசேகரம் தாண்டாது. பாதி வழியில நிப்ப, கேட்டியா?"

"உம்ம ஸ்கூட்டரையாவது தாரும்."

"வீட்டுக்காரி கொண்டு போயிட்டாளே."

பஸ்ஸில் போகலாம்தான். வெட்டுகத்தியும் கையுமாக எவன் பஸ்ஸில் ஏறுவான்?

ஜெரிஷ் வாசலுக்குப் போனான், உள்ளே வந்தான். உட்கார்ந்தான், எழுந்தான். அண்ணனுக்கு மறுபடி மறுபடி போன் போட்டான். ஒவ்வொரு நிமிஷமும் மரம் விழும் சத்தம் அவன் காதுக்குள் கேட்டது.

மரியஜானோ சென்சாரைக் கையில் வைத்துக்கொண்டு அதன் மரையைப் பிரஷ்ஷால் தேய்த்தார். பேஸ்ட் தடவினார். துடைத்தார். மறுபடியும் தடவினார்.

"என்ன அண்ணே, கல்யாணப் பொண்ணுக்கு மேக்கப் போடுதீரா?"

"பேஸ்ட்டு நுனியில பட்டா சென்சாரு செத்துப் போவும் மக்கா. நிதானம் வேணும். சாயா சொல்லட்டா?"

"உம்ம சாயாவுல இடி விழ!"

வயரை நீட்டுகிறேன் என்று பின்கட்டுக்குப் போன மனுஷன் அரை மணி நேரம் கழித்து வந்தார். வயர் சூடான குழாயில் பட்டால் உருகிவிடும் என்று சொல்லி கிளிப் தேடினார். கிளிப் கிடைத்ததும் ஸ்பானர் தேடினார். ஜெரிஷுக்கு வந்ததே ஆத்திரம்.

"சோலி தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லும்! கைராசிக்காரர்னு நம்பி வந்தேன் பாரும், என்னைச் செருப்பால அடிக்கணும். புதுக்கடை முழுக்கச் சொல்லத்தான் போறேன், இந்த ஆளுக்கு ஒரு சென்சார் மாட்டத் தெரியாதுன்னு!"

"சொல்லு மக்கா" என்றார் மரியஜான். மறுபடி காருக்கு அடியில் போய்விட்டார்.

நாலேகாலுக்குப் போன் அடித்தது. பிரீனா.

"நான் இப்பதான் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். விஷயம் தெரியுமா? நீங்க போன பெறவு அடிச்ச காத்துல அயினி வேரோட எழும்பி, நம்ம பிள்ளை படுக்குத ரூமுக்கு மேல சாஞ்சிருக்கு. இன்னொரு காத்து அடிச்சிருந்தா கூரையே போயிருக்கும். உங்க அண்ணன்தான் ஆளக் கூட்டிட்டு வந்து, வடம் கட்டி, ஒரு ஓடு உடையாம வெட்டி இறக்கியிருக்காரு. வெட்டுன தடிய எல்லாம் நம்ம முற்றத்துல அடுக்கியாச்சு. எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொல்லிட்டாரு."

ஜெரிஷின் கண் முன் சீட்டில் கிடந்த வெட்டுகத்திக்குப் போயிற்று.

"பின்ன, மெஷின் சத்தத்துல போன் கேக்கலியாம். இப்பதான் எடுத்துப் பாத்தாரு. ‘எனக்க தம்பி என்னை எட்டு தடவ கூப்பிட்டிருக்கான்’னு வாறவன் போறவனுக்கெல்லாம் போனைக் காட்டிக்கிட்டு நிக்காரு. கண்ணெல்லாம் நெறஞ்சு போச்சு."

போனை வைத்தவன் அங்கே கிடந்த பழைய டயரின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அடக்க முடியாமல் அழுதான்.

மரியஜான் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணே... அந்த வயரு மட்டும் எட்டியிருந்தா, நான் இன்னைக்கு எனக்க அண்ணன..."

"வயரு எட்டத்தான் செஞ்சுது மக்கா. சென்சாரும் மாட்டி, வண்டிய இறக்கத்தான் போனேன். நீ வெட்டுகத்திய முன் சீட்டில வச்சத பாத்த பெறவுதான் திரும்பக் கழத்தினேன்."