ஓட்டுநர் கொடுத்த தூண்டில்

விடுமுறை நாளில் மேனேஜரை மீன் பிடிக்கக் கடற்கரைக்கு அழைத்து வந்திருந்தார் முதலாளியின் கார் ஓட்டுநர். செலவைக் குறைக்க அவரை வேலையை விட்டு நிறுத்தச் சொன்னதே மேனேஜர்தான். பாவம், இவனுக்கு இன்னும் தெரியாதே என்று மேனேஜருக்கு நெஞ்சு உறுத்தியது.

"புழுவெல்லாம் வேணாம் சார், இந்த ரப்பர் மீனே போதும். அலை உடையிற இடத்தைத் தாண்டி வீசுங்க."

மேனேஜர் வீசினார். ஈயக்குண்டு அவர் காலடியிலேயே விழுந்து, நூல் சிக்கிக்கொண்டது.

"பரவாயில்ல சார், போகப் போகப் பழகிடும்." ஓட்டுநர் பொறுமையாகச் சிக்கெடுத்தார். இருந்த இரண்டு தூண்டிலில் நல்லதை மேனேஜருக்குக் கொடுத்துவிட்டு, விரிசல் விட்டதைத் தான் வைத்திருந்தார்.

அதற்கு மேல் மேனேஜரால் தாங்க முடியவில்லை.

"என்னை மன்னிச்சிடுப்பா. அடுத்த மாசம் உனக்கு வேலை இருக்காது. நான்தான் முதலாளிகிட்ட சொன்னேன்."

"தெரியும் சார். கார்ல வரும்போதுதானே முதலாளி உங்ககிட்ட ஃபோன்ல பேசினாரு."

"தெரிஞ்சுமா என்னைக் கூட்டிட்டு வந்தே?"

ஓட்டுநர் தயங்கினார்.

"அதுக்கப்புறம் இன்னொருத்தர்கிட்டயும் பேசினாரு சார். மேனேஜரையும் சேர்த்து அனுப்பிடலாம்னு. எனக்கு வேற வண்டி கிடைச்சிடும். வேலை போனப்புறம் உங்களுக்குக் காலையில எழுந்தா போறதுக்கு ஒரு இடம் வேணும்ல, அதான்."