தைலு பார்க்கணும்

"தெருவுல நின்னு பார்த்தா படம் தெரியுமோ?"

லலிதாம்பாள் இப்படிக் கேட்டதும் சேல்ஸ்மேன் சத்தியதாஸ் திருதிருவென்று முழித்தார்.

"தெருவுலயா? டிவியை வீட்டுக்குள்ளதானே மாமி வெப்பீங்க?"

"உள்ளதான். ஆனா எதிராத்து ஜன்னல்ல நின்னு பார்த்தாலும் தெரியணுமாக்கும்."

அவள் கணவர் நாகேஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டார். ஓணம் தள்ளுபடி, தம்பானூர்க் கடையில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம் போலக் கூட்டம். இத்தனை பேர் முன்னால் மானம் போகிறதே!

பாவம் மனுஷன், ஒரு மாசமாகப் பேப்பர் கட்டிங் சேர்த்து, எல்சிடியா பிளாஸ்மாவா என்று ஆபீசில் பட்டிமன்றமே நடத்தி, சின்னதாக ஒரு எல்சிடி என்று முடிவு கட்டி வந்திருந்தார்.

"எல்சிடிதான் கரண்டு கொறச்சு எடுக்கும். பிளாஸ்மா அடுப்பு மாதிரி சுடும். பகல்ல பார்த்தா நம்ம மூஞ்சிதான் அதுல தெரியும். கேட்டியோ?"

அவள் காதில் வாங்கினால்தானே? எல்சிடிக்குப் பக்கவாட்டில் போய், சுவரோடு ஒட்டி நின்று பார்த்தாள்.

"ஐயய்யே, இங்கேர்ந்து பார்த்தா வெளுத்துப் போறதே!"

"சைடுல இருந்து பார்த்தா எல்சிடி அப்படித்தான் மாமி. பிளாஸ்மான்னா எங்க நின்னு பார்த்தாலும் கலர் மாறாது."

"அப்படியா? அந்தப் பெரிய பிளாஸ்மாவை வாசல் பக்கமா கொஞ்சம் திருப்புங்கோ."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போய், ரோட்டோரம் நின்று எட்டி எட்டிப் பார்த்தாள். ஆட்டோக்காரன் ஒருத்தன் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனான்.

சத்தியதாஸ் மெதுவாகக் கேட்டார். "எதிர் வீட்டுல யாரு சாரே?"

"தைலுன்னு ஒருத்தி. ஒரு காலத்துல இவளும் அவளும் நகமும் சதையும். சாயங்காலமானா எங்காத்துல உட்கார்ந்து ரெண்டும் சீரியல் பார்த்து அழும். ஒரு நவராத்திரிக்கு இவ அவளை வெத்தலை பாக்குக்கு அழைக்க மறந்துட்டா. அதோட சரி. பேச்சு வார்த்தை கிடையாது."

"அதுக்கும் டிவிக்கும் என்ன சார்?"

"கோடை இடியில அவாத்து டிவி போயிடுத்து. இப்ப நம்மாத்துப் புது டிவியைப் பார்த்து அவ வயிறெரியணும். அதுக்குத்தான் இத்தனை கூத்தும்!"

சத்தியதாஸ் சிரித்துவிட்டார். "பின்ன, யாருக்குத்தான் இந்தப் போட்டி இல்ல?"

உள்ளே வந்த லலிதாம்பாள் காதிலும் இதெல்லாம் விழுந்தது. மறுக்கவில்லை.

"ஆமா. தைலு பார்க்கணும். பெரிய பிளாஸ்மாவே போதும்" என்றாள்.

வலியசாலைத் தெருவில் டிவி வந்து இறங்கியது. அங்கேயும் ரகளை.

"சோபாவுக்கு நேரா மாட்டுங்கோ" என்றார் நாகேஸ்வரன்.

"வேண்டாம். தெரு ஜன்னலுக்கு நேரா மாட்டுங்கோ."

"ஏண்டி, வாங்கினவன் ஓரமா உட்கார்ந்து கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கணும், எதிராத்துக்காரி மகாராணி மாதிரி நேரா பார்க்கணுமா?"

"ஓரத்துலேர்ந்தும் உங்களுக்கு நன்னா தெரியும். அதுக்குத்தானே பிளாஸ்மா."

சாயங்காலம் சீரியல் நேரம். லலிதாம்பாள் ஜன்னல் கதவை அகலத் திறந்தாள். திரைச்சீலையை முழுசாக ஒதுக்கினாள். சத்தத்தையும் ஏற்றி வைத்தாள். குறுகலான தெரு. எதிர்வீட்டில் பட்டென்று விளக்கு அணைந்தது.

நாகேஸ்வரனுக்கு வேடிக்கையாகப் போய்விட்டது. "பார்த்தியா? பொறுக்க முடியாம லைட்டையே அணைச்சுட்டா! இப்ப உனக்குத் திருப்திதானே?"

"சும்மா இருங்கோ. லைட் எரிஞ்சா அவ ஜன்னல்ல நிக்கறது தெரிஞ்சுடுமோன்னோ? அதான் அணைச்சிருக்கா."

"என்னது?"

"டிவி போனதுலேர்ந்து தினம் அப்படித்தான் இருட்டுல நிக்கறா. நம்ம பழைய டிவி அவளுக்கு அங்கேர்ந்து ஒண்ணுமே தெரியலை. கண்ணை இடுக்கிண்டு, எட்டி எட்டி... பார்க்கவே சகிக்கலை எனக்கு."

"ஏன், போய்க் கூப்பிடறதுதானே?"

"போனேன். உங்களுக்குத் தெரியாம எத்தனை தரம் போனேன்! கதவையே திறக்கலை. அவ பக்கத்துல இல்லாம எனக்கு எந்த சீரியலும் பிடிக்கலை. அவ அங்கேர்ந்தாவது பார்க்கட்டும், நான் இங்கேர்ந்து பார்க்கறேன். ஒண்ணாப் பார்த்த மாதிரி இருக்கும்."

கண்ணைத் துடைத்தபடி எழுந்த லலிதாம்பாள், காற்றில் சாத்திக்கொண்ட ஜன்னல் கதவைத் திறந்து கொக்கி மாட்டப் போனாள். கொக்கி லேசில் மாட்டவில்லை. அங்கேயே நின்று அதனோடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.

எதிர் இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. எத்தனையோ வருஷமாக அவள் கேட்காத குரல்.

"லலிதா! தள்ளி நில்லேண்டி, மறைக்கறது!"