பிழையில்லாத மனு

'வெள்ளைக்காரனுக்கு எழுதுகிற கடிதத்தில் ஒரு பிழை விட்டால்...' என்று தொடங்கி வினாயகமூர்த்தி மாஸ்டரின் தகப்பனார் ஏதோ சொல்லுவார். அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்த மனிதர். அந்த வசனத்தின் பிற்பாதி மாஸ்டருக்கு மறந்துபோயிற்று. முற்பாதியை வைத்துக்கொண்டே முப்பது வருடம் இங்கிலீஷ் படிப்பித்து, பென்ஷனும் எடுத்துவிட்டார்.

தொண்ணூற்றோராம் ஆண்டில், பள்ளிக்கூடத்தில் கிடைக்காத மரியாதை அவருக்கு வீட்டு வாசல் படலையில் கிடைத்தது. ஆமிக்காரரிடம் பிடிபட்டவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கவென்று மட்டக்களப்புப் பட்டினத்தில் வெளிநாட்டுக்காரர் ஒரு கந்தோர் திறந்திருந்தார்கள். அங்கே கொடுக்கும் மனு இங்கிலீஷில்தான் இருக்கவேண்டும் என்று மாஸ்டரின் ஊரான செட்டிபாளையத்தில் எல்லோருக்கும் தெரியும். யார் சொன்னது என்றுதான் யாருக்கும் தெரியாது.

மனு எழுத மாஸ்டர் ஒரு சதம் வாங்கமாட்டார். அவசரப்படவும் மாட்டார்.

பக்கத்து ஊர் களுதாவளையிலிருந்து கண்ணகை வந்தது அது மூன்றாம் தரம். பட்டினத்துக்கு வெற்றிலை கொண்டுபோன அவளுடைய புருஷன் இளையதம்பியை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் ஒன்பது நாள்.

"சேர், கடிதம் முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரித்தான். ஒரு சந்தேகம் கிடக்கு. பஸ் நிண்டதா, நிண்டுகொண்டிருந்ததா?"

ஆமிக்காரன்கூடக் கண்ணகையிடம் இப்படிக் கேட்கவில்லை.

"நான் பஸ்ஸில இரிக்கல்லயே சேர். நிண்டுதான் இரிக்கும். ஓடுற பஸ்ஸால ஆளை இறக்க ஏலாதே."

"அப்படி மொட்டையாச் சொல்லப்படாது, புள்ள. அவரை இறக்கேக்க பஸ் முதலே நிண்டுபோச்சா, இல்ல அப்பதான் நிண்டதா? அதுக்குத் தக்கனதான் காலம் போடவேணும்."

"நிண்டா என்ன, ஓடினா என்ன சேர்! மனிசனைக் கொண்டுபோயிற்றாங்க!"

"அந்தக் 'கொண்டுபோயிற்றாங்க' இரிக்கே, அதைச் சொல்ல இங்கிலீஷில பன்னிரண்டு வழி கிடக்கு. அதில பதினொண்டு பிழை."

பன்னிரண்டு வழி இருக்கிற பாசையில் தன் புருஷன் வந்துசேர ஒரு வழியாவது இருக்கும் என்று கண்ணகை நினைத்தாள்.

"இன்னொண்டு. பிடிச்சது செக்பொயின்றில வச்சா, செக்பொயின்றுக்குக் கிட்டவா? 'அட்' போட்டா ஒரு கருத்து, 'நியர்' போட்டா வேற கருத்து. பிழையாப் போட்டா வெள்ளைக்காரன் வாசிச்சுப்போட்டுச் சிரிப்பான்."

"சிரிச்சுப்போட்டுப் போகட்டும் சேர். ஆளைத் தந்தாச் சரி."

மாஸ்டரின் முகம் கோணிப்போயிற்று. தன் முப்பது வருடத்தையும் யாரோ ஏளனம் செய்ததுபோல் இருந்தது. மூன்றாவது பிரதியை அவள் கண் முன்னாலேயே நாலாய்க் கிழித்தார்.

"உன்ட மனிசனுக்காகத்தான் இவ்வளவு கவனமா எழுதுறன். வியாழக்கிழமை வா."

வியாழக்கிழமை கண்ணகை வந்தாள். கையில் ஒரு கட்டு வெற்றிலை. முகம் வெளித்திருந்தது.

"சேர், அவர் உசிரோட இரிக்கிறார்! அவர்ட கையெழுத்தில கடிதத் துண்டு வந்திரிக்கு!"

நாலாவது பிரதியைக் கையில் பிடித்தபடி மாஸ்டர் எழும்பி நின்றார்.

"அதெப்படி? மனு இன்னும் என்னட்டத்தானே இரிக்கு?"

"அண்டைக்கு இஞ்சயிருந்து போய், பஸ்ஸுக்கு நிண்ட இடத்தில குந்தி அழுதன். மறுகா, வாறது வரட்டும் எண்டு நேரா அந்தக் கந்தோருக்கே போயிற்றன். அங்க ஒரு பொம்பளப் பிள்ளை தமிழிலயே எல்லாம் கேட்டு நாலு வரி எழுதினா. அண்டைக்கே எடுத்தாங்க சேர்."

"தமிழிலயா?"

"ஓம். அங்க இரிக்கிற துரைக்கும் இங்கிலீஷ் அவ்வளவா ஓடாதாம், அவர்ட பாசை வேறயாம். அந்தப் பிள்ளை உங்களிட்டப் படிச்சதாம். 'அட்'டுக்கு 'இன்' போட்டதுக்கு நீங்க ஒரு கிழமை வகுப்புக்கு வெளியில நிக்கவச்சீங்களாம். சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. நல்ல பிள்ளை."

மாஸ்டர் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தார்.

கண்ணகை வெற்றிலைக் கட்டை மேசையில் வைத்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"இனி வாற ஆக்களுக்குச் சொல்லிவிடுங்க சேர், இங்கிலீஷ் தேவையில்ல, தமிழ் காணுமெண்டு. சுணங்கினா ஆளை வேற ஆமிக் காம்புக்கு மாத்திப்போடுறாங்களாம். மறுகா தேடிப் பிடிக்கிறது கஷ்டமாம்."

"ம்."

அவள் போன பிறகு மாஸ்டர் நாலாவது பிரதியை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். ஒரு பிழையும் இல்லை. அதை நாலாய் மடித்து அகராதிக்குள் வைத்தார்.

படலை கிரீச்சிட்டது. பின்வளவு வீட்டு அன்னப்பூரணி. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. ஓடி வந்திருக்கிறாள்.

"சேர், நேத்து வயல் வட்டைக்குள்ள வச்சு என்ட மகனைக் கொண்டுபோயிற்றாங்க! பட்டினத்துக் கந்தோரில குடுக்க ஒரு கடிதம் வேணும். எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியா. தமிழில எழுதினா எடுப்பாங்களா சேர்?"

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வேட்டித் தலைப்பால் துடைத்தார். மாட்டிக்கொண்டார்.

பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்து முன்னால் வைத்து, இங்கிலீஷில்தான் எழுதவேண்டும் என்று சொல்லி, அடுத்த வியாழக்கிழமை வரச் சொன்னார்.