ஒரே வேகம்

விழுப்புரத்திலிருந்து கம்ப்யூட்டர் மெக்கானிக் திருமுருகனை வரவழைக்கச் சொன்னவள், திண்டிவனத்து டிசைன் கடையில் வேலை பார்க்கும் இளவரசிதான்.

முகூர்த்த மாதம். கல்யாணப் பத்திரிகையைத் திறந்தாலே கடையின் இரண்டு கம்ப்யூட்டர்களும் படுத்துவிடுகின்றன. முதலாளி சவரிநாதன் பேஜாராகிப் போயிருந்தார்.

“பிராசசருக்கு டேட்டா போற பாதை, அதான் பஸ்ஸு, அது ஒரு ஸ்பீடு, ராம் மெமரி ஒரு ஸ்பீடு சார். ஒண்ணுக்காக ஒண்ணு காத்துக்கினு கெடக்குது” என்ற திருமுருகன், செட்டிங்கை மாற்றி இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தான்.

பெரிய பேனர் ஒன்று கண்மூடித் திறப்பதற்குள் திரையில் விரிந்தது. இளவரசியும் அவளோடு வேலை பார்க்கும் ஆஷ்லினும் கைதட்டினார்கள்.

பெண்கள் இருவரும் கிளம்பிய பிறகும் சவரிநாதன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதே மாதிரியே ஓடுமா?”

“கேரண்டி சார். ரெண்டு பேரு வேலைய இனிமே ஒரே ஆளு முடிச்சிரலாம்” என்றான் திருமுருகன் பெருமையாக.

“அப்ப ஒரு பொண்ண நிறுத்திடறேன். ஆஷ்லின் எங்க மச்சான் பொண்ணு, ஒண்ணும் பண்ண முடியாது.” குரலைத் தாழ்த்தினார். “உங்க வீட்டம்மாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. இன்னிக்கு ஒண்ணா வண்டியிலதான போறீங்க?”

திருமுருகன் கம்ப்யூட்டர் மூடியில் ஏற்கெனவே முறுக்கிய திருகாணியை மறுபடியும் முறுக்கினான்.

வெளியே, அவன் வண்டியருகே சாப்பாட்டுப் பையோடு இளவரசி நின்றிருந்தாள்.

“ஓனரு என்னா சொன்னாரு? சந்தோசமா?”

“சந்தோசந்தான்” என்று வண்டியை உதைத்தான்.