நாலு லட்ச ரூபாய் மூக்கு

அந்த மூக்கின் விலை நாலு லட்சம். பேசிப் பேசி மூன்றுக்குப் படிய வைத்திருந்தார் அரசு வக்கீல் சீனிவாசராகவன். ஆனால் மூக்கு நிஜமாகவே கெட்டுப் போயிருந்தால்தான் காசு.

கையெழுத்துக்கு முன்னால் அதைப் பார்த்து வரத்தான் ரெமிஜியஸ் ஸ்ரீராம்புரத்தில் அந்த ஒண்டுக்குடித்தன வீட்டில் உட்கார்ந்திருந்தார். வாசலில் சொன்ன பெயர் ஜெயராஜ். தொழில், ஓசூரில் ஊதுபத்திக் கடை. இரண்டும் பொய். அரசு வக்கீல்களுக்காகத் துப்புத் துலக்குவதுதான் அவருக்குச் சோறு போட்டது.

எதிரே சாமிநாதன். ஊதுபத்திக்கு வாசனை கூட்டுவதில் பேர் போன கை. போன வருஷம் பக்கத்துத் தெரு அரசாங்கத் தண்ணீர் நிலையத்தில் குளோரின் கசிந்து தன் மோப்பமே போய்விட்டது என்று கேஸ் போட்டிருந்தார்.

ரெமிஜியஸ் மூன்று குப்பிகளை எடுத்து வைத்தார். "இதே மாதிரி கூட்டித் தரணும். முடியுமா பாருங்க."

சாமிநாதன் மனைவி பாமா ஒன்றைத் திறந்து புருஷன் கையில் கொடுத்தாள். பின்னால் நின்று அவர் முதுகை நீவிவிட்டாள். "நாள் பூரா குந்தினே வேலைங்க. முதுகு புடிச்சுக்குது."

சாமிநாதன் கண்ணை மூடி முகர்ந்தார். "மல்லி. ஆனா பூவுல வந்தது இல்ல, புட்டியில வந்தது."

அடுத்தது. "சந்தனம்னா குடுத்தான்? பாதிக்குப் பாதி விளக்கெண்ணெய்! உங்க தலையில நல்லா மொளகா அரைச்சிருக்கான் சார்."

விளக்கெண்ணெயைக் கலந்ததே ரெமிஜியஸ்தான். மாட்டினாய் மகனே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டார்.

மூன்றாவதைத் திறக்கும்போது அடுப்பில் பால் தீய்ந்தது. அந்த நெடியில் ரெமிஜியஸுக்குத் தொண்டை கமறியது. பாமா எழுந்தடித்து ஓடினாள். சாமிநாதன் அசையவே இல்லை. "மூக்குக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கணும் சார். காப்பி வரட்டும்," என்று சிரித்தார்.

தீயாமல் தப்பிய பாலில் விருந்தாளிக்கு மட்டும் காப்பி வந்தது. அவர்கள் இருவரும் கடுங்காப்பி குடித்தார்கள். பாமா மறுபடி முதுகை நீவ, மூன்றாவதையும் சரியாகச் சொன்னார் சாமிநாதன். "தாழம்பூ."

கழுத்தறுக்க வந்த வீட்டில் காப்பி குடித்தது ரெமிஜியஸுக்கு உறுத்தியது. கேட்ட விலைக்கு மறுபேச்சுப் பேசாமல் ஐந்நூறு ரூபாய் அட்வான்ஸ் வைத்தார். ஆபீஸ் கணக்கில் எழுத முடியாத ஐந்நூறு. பேரம் பேசாத வியாபாரியை அன்றுதான் பார்த்தாள் போல, பாமா திகைத்து நின்றாள்.

தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து வக்கீலைக் கூப்பிட்டார்.

"சார், மூக்கு முழுசா இருக்கு. விளக்கெண்ணெயைக்கூடப் பிரிச்சு சொல்றான்."

"பேஷ்! ராஜிப் பத்திரத்துல அவன் கையெழுத்துப் போட்டாச்சு. நான் பேனாவைத் திறந்து வெச்சிண்டிருக்கேன், நீ கூப்பிடறே." காகிதம் சரக்கென்று கிழிந்தது. "அவன் வக்கீல் எதிர்லதான் இருக்கார். மூஞ்சியப் பாக்கணுமே நீ! இனிமே அவனுக்குச் சல்லிக்காசு கிடையாது."

போனை வைத்துத் திரும்பினால், பாமா மூச்சிரைக்க நின்றிருந்தாள். கையில் அந்த ஐந்நூறு ரூபாய்.

"அண்ணா, கேட்டதைக் கேட்டபடி குடுத்துட்டீங்க. உங்கள ஏமாத்த மனசு வரல. இத வாங்கிக்குங்க."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"அவருக்கு மோப்பம் சுத்தமா செத்துப்போச்சுண்ணா. தொறக்கறப்ப முகர்ந்து பாத்து, அவரு முதுகுல விரலால எழுதிக் காட்டுனது நானு. விஷயம் தெரிஞ்சா ஒரு கடைக்காரனும் ஆர்டர் குடுக்க மாட்டான். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

ரெமிஜியஸ் திரும்பிப் போனைப் பார்த்தார். அவளே அவர் கையைப் பிடித்து ரூபாயை வைத்து மூடினாள். முகத்தில் ஒரு பாரம் இறங்கிய தெளிவு.

"இன்னிக்குக் கோர்ட்ல பணம் முடிவாயிடுதாம். அப்புறம் இந்தப் பொய்யே தேவையில்லண்ணா."