ஒரிஜினல் இன்ஜின்

அவள் காபித் தட்டோடு வாசலுக்கு வந்தபோது மூன்று பேரும் காரின் பானெட்டைத் திறந்து வைத்து உள்ளே குனிந்திருந்தார்கள்.

திறக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை.

துக்க வீட்டில் கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் அப்படித்தான் குனிவார்கள்.

கோயம்புத்தூரின் பழங்கார் சங்கத்துச் செயலாளர் கங்காதரன். கூட இரண்டு உறுப்பினர்கள். அவள் கணவர் எட்வினை நலம் விசாரிக்கக் கோத்தகிரி வரைக்கும் மலையேறி வந்திருந்தார்கள். எட்வின் வராந்தா நாற்காலியில் ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்திருந்தார். அவரிடம் இரண்டு நிமிடம் பேசினார்கள். கார் பக்கத்தில் இருபது நிமிடமாக நிற்கிறார்கள்.

ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்திருந்தார்கள்.

இரண்டு சிறுநீரகமும் போனவருக்கு ஆரஞ்சு ஆகாது. அதைக்கூட யாரும் விசாரிக்கவில்லை.

"எப்படிங்க மேடம் மனசு வந்துச்சு?" என்றார் கங்காதரன். "அறுபத்தோரு வருசமா அதே இன்ஜின் ஓடிட்டிருந்துச்சு. இப்படி ஒரு வண்டிய கொன்னுட்டீங்களே."



கொன்றது அவளாம்.

அந்த அறுபத்தோரு வருட இன்ஜின் மேட்டுப்பாளையம் இறக்கத்தில் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்தது. அது நான்காவது முறை. அன்று டயாலிசிஸ் நாள். போனில் சிக்னல் இல்லை. எட்வினுக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. உதடு கறுத்தது. அவள் நடுரோட்டில் நின்று ஒரு கேரட் லாரியை மறித்தாள். டிரைவரும் கிளீனரும் அவரைத் தூக்கி முன்சீட்டில் கிடத்தினார்கள்.

அந்த நிலையிலும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"வண்டியப் பூட்டுனியா?"

அவள் பின்னால் கேரட் மூட்டைகள்மேல் உட்கார்ந்து மலை இறங்கினாள். வளைவுக்கு வளைவு அழுதாள். அழுகையில் பாதி ஆத்திரம்.

வேறு காரில் ஏறமாட்டேன் என்றவர் அவர். இந்தக் காரில் ஒரு ஆணியைக்கூட மாற்றக்கூடாது என்றவரும் அவரே.

அவர் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த ஒரு மாதத்தில் அவள் மெக்கானிக் ரபீக்கைக் கூப்பிட்டு, நான்கு வருடம்கூட ஓடாத ஒரு சின்னக் காரின் இன்ஜினை இந்தக் காருக்குள் இறக்கச் சொன்னாள். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடந்து ஆர்.சி. புத்தகத்தில் எண்ணையும் மாற்றினாள்.

ஏழு தடவை மலை இறங்கி ஏறியாயிற்று. ஒரு முறைகூட நிற்கவில்லை.

வீடு திரும்பி பதினேழு நாளாக எட்வின் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நர்சிடம் பேசுகிறார். பால்காரரிடம் பேசுகிறார். பூனையிடம் பேசுகிறார்.

கங்காதரன் வராந்தா பக்கம் திரும்பினார். "ரூல் ஒண்ணு இருக்குதுங்க எட்வின் சார். ஒரிஜினல் இன்ஜின் இல்லாத வண்டியில சங்கத்து பேட்ஜ் இருக்கக்கூடாது. தப்பா எடுத்துக்காதீங்க."

சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முன்பக்கக் கிரில்லில் இருந்த பேட்ஜில் கை வைத்தார்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்திருக்கிறார். ஆரஞ்சு வாங்குவதற்கு முன்பே.

அவள் தட்டை மட்கார்டின்மேல் வைத்தாள். அங்கே விரல் படவும் எட்வின் விட்டதில்லை. காபி தளும்பிப் பெயின்ட்டில் வழிந்தது. வழியட்டும்.

"கைய எடுங்க."

கங்காதரன் எடுத்தார்.

"அந்த இன்ஜின் மலையில நின்னப்போ உங்க சங்கத்துல யாரு வந்து தள்ளுனீங்க? நீங்க மூணு பேரும் இப்ப எதுல வந்தீங்க? கேட் பக்கத்துல நிக்குதே, அது போன வருச மாடல்தானே? மலையேறணும்னா உங்களுக்குப் புதுசு வேணும். இவரு மட்டும் பழசுலயே சாகணுமா?"



நாற்காலி கிறீச்சிட்டது. எட்வின் எழுந்து, சுவரைப் பிடித்தபடி படியிறங்கி வந்தார். கங்காதரன் முன் கையை நீட்டினார்.

"அதக் குடுங்க."

 இத்தனைக்குப் பிறகும் அவர்கள் பக்கம்தானா?

அவர் கிரில்லுக்கு முன்னால் மெல்லக் குனிந்தார். இடது கையில் டயாலிசிஸ் ஊசிக் கட்டு. அந்தக் கையைப் பயன்படுத்தக்கூடாது. ஒற்றைக் கையால் நான்கு திருகையும் கழற்றினார். வெகுநேரம் ஆயிற்று. யாரும் உதவிக்கு வரவில்லை. அவளும் போகவில்லை.

பித்தளை பேட்ஜைக் கங்காதரன் கையில் வைத்து, அவர் விரல்களை மூடினார்.

"என் பேரையும் அடிச்சிருங்க," என்றார். "எங்களுக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு."

அவர்கள் காபியைக் குடிக்காமலே போனார்கள்.

அவள் பானெட்டை அறைந்து மூடினாள். டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இந்தப் பதினேழு நாளும் அவர் வாடகைக் காரில் போகிறவர் மாதிரி பின்சீட்டில்தான் உட்கார்ந்து வந்தார்.

இன்றைக்கு இடப்பக்கக் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

 அவள் கோபம் இன்னும் நெஞ்சில் அப்படியே இருந்தது.

சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. சத்தமே இல்லை. அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

அவள் வண்டியை நியூட்ரலிலேயே வைத்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள்.

அவர் உறிஞ்சுவது அந்தச் சத்தத்தில் அமுங்கும்வரை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.