அளவுக்கு வந்த கோட்டு

“அளவு மட்டும் பிசகித்துன்னா நான் தலை தூக்கவே முடியாது, காளியப்பா!” என்று சக்ரபாணி நாலாவது தடவையாகச் சொன்னார்.

தையற்காரன் காளியப்பன் வாயைத் திறக்கவில்லை. மேஜைமேல் கிடந்த நீலக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மைசூர் சிவராம்பேட்டையில் அவன் கடைக்கு வந்தவர்கள் அவன் பேச்சைத்தான் நிறுத்த முடியாமல் தவித்திருக்கிறார்கள். இன்றைக்கு என்ன வந்தது இவனுக்கு என்று சக்ரபாணிக்கு எரிச்சல் வந்தது.

இன்னும் பத்து நாளில் அவர் பெண் வத்ஸலாவுக்குக் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம் ஜானவாசம். ஜோடித்த காரில் ஊர்வலம் வரும் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார்தான் கோட்டு தைத்துப் போட வேண்டும். மாப்பிள்ளையோ பம்பாயில். ‘இதே அளவு, இம்மியும் மாறக் கூடாது’ என்று எழுதி, சம்பந்தியம்மாள் தன் பிள்ளையின் பழைய கோட்டு ஒன்றைப் பார்சலில் அனுப்பிவிட்டாள்.

வத்ஸலாவுக்கு இருபத்துமூன்று முடிந்துவிட்டது. மூன்று இடம் கூடி வந்து தட்டிப்போன பிறகு அமைந்த சம்பந்தம் இது. பம்பாயில் விசாரிக்க ஆள் கிடையாது. நல்ல உத்தியோகம், நல்ல குடும்பம் என்று வந்த கடிதங்களை நம்பித்தான் சரி என்றார். இதுவும் கைநழுவினால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் அவரைத் தூங்கவிடவில்லை.

“ஏன்பா, இது பழசாச்சே. அப்புறம் கொஞ்சம் பெருத்திருந்தார்னா? இடுப்புல ஒரு அங்குலம் கூட்டிடலாமா? ஆனா தொளதொளன்னு இருந்தா ஊரே சிரிக்கும். இறுக்கிப் பிடிச்சாலோ, கார்ல உக்காரறச்சே பொத்தான் தெறிக்கும்!”

காளியப்பன் டேப்பைத் தொடவில்லை. அவன் விரல்கள் நேரே கோட்டின் இடது தோளுக்குப் போய், அங்கே அழுத்திப் பார்த்தன.

“மாப்பிள்ளைக்கு எடது தோளு கொஞ்சம் எறக்கமுங்களா, சாமி?”

சக்ரபாணி அசந்துபோனார். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்ததைக் அவர் மனைவி குமுதவல்லிகூட அவர் காதில் கிசுகிசுத்தாள். “பலே! கோட்டைப் பாத்தே ஆளைச் சொல்லிட்டியே! இனிமே எனக்குக் கவலையில்லை.”

நஞ்சன்கூட்டிலிருந்து இவன் மைசூருக்குக் கடையை மாற்றி இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் இத்தனை பேர் தேடி வருவது சும்மா இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

காளியப்பன் காலரைத் திருப்பினான். உள்பக்கம், ஓரத்தில், மங்கலாக ஒரு மஞ்சள் பொட்டு.

“என்னது, கறையா? காப்பி, சாம்பார்னு சிந்தியிருப்பார்.”

“மஞ்சளுங்க.”

“தீபாவளிக்குத் தெச்சிண்டிருப்பார். நம்மாத்துலயுந்தான் புதுத்துணிக்கு மஞ்சள் தடவறோம்! அதைப் போய் ஆராய்ச்சி பண்ணிண்டு... துணியை வெட்டுப்பா.”

காளியப்பன் கோட்டை மெல்ல மடித்தான். அவர் கொண்டுவந்திருந்த புதுத் துணியை எடுத்து அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து அவர் பக்கம் நகர்த்தினான்.

“இத நான் தெக்க மாட்டேனுங்க.”

சக்ரபாணிக்கு ரத்தம் கொதித்தது. “முகூர்த்த மாசம்னு பிகு பண்ணிக்கறயா? பத்திரிகை அடிச்சு ஊர் பூரா குடுத்தாச்சு! கோட்டு சரியில்லேன்னு அவா மூஞ்சியைத் தூக்கிண்டு கிளம்பிட்டா, என் பொண்ணு கதி என்னடா ஆறது?”

“கோவிச்சுக்காதீங்க. உங்க பொண்ண நெனச்சுத்தான் சொல்றேன்.” அவன் புதுத் துணியை விலக்கிக் கோட்டைத் தொட்டான். “இது நான் தெச்ச கோட்டுங்க. தோளு எறக்கம் தெரியாம இருக்கப் பஞ்சு வெச்சதும் நாந்தானுங்க.”

“நீயா? அவர் எப்போ உன்கிட்ட வந்தார்?”

“அவரு வரலீங்க. பொண்ணு ஊட்டுக்காரங்க சொல்லித் தெச்சேன். சொதந்தரம் வந்த மறு வருசம், நஞ்சன்கூட்டுச் சத்திரத்துல ஜானவாசம். தோளு சரியா உக்காரலைன்னு அங்கியே கூப்பிட்டு, அவரு நிக்க நிக்கத்தான் பஞ்சு வெச்சுத் தெச்சேனுங்க.”

சக்ரபாணி பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். இதுவும் ஒரு பெண் வீட்டார் ஜானவாசத்துக்குத் தைத்துப் போட்ட கோட்டு. எந்தக் கை தைத்தது என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு எங்கே தெரியப் போகிறது? இருக்கிறதில் நன்றாகப் பொருந்துவது எதுவோ அதை எடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அவர் மெல்லக் கேட்டார். “அப்போ... அந்தப் பொண்ணு... தவறிப் போயிட்டாளா?”

ஆமாம் என்று சொல்லிவிட மாட்டானா என்று அந்த ஒரு நொடி தம் மனம் ஏங்கியதே, அது அவருக்கே அவமானமாக இருந்தது.

காளியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

“போன வாரம் அந்தப் பொண்ணு அப்பாரோட வந்து, கொழந்தைக்குச் சட்டை தெச்சு வாங்கிட்டுப் போச்சுங்க.”